மருமகள் கேட்ட வண்ணப் பல்லி

சென்ற ஆண்டு கோடை காலத்தில் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கையின் வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கியிருந்தேன். எண்பத்து மூன்று வயதான எங்கள் அம்மா அங்குதான் இருக்கிறார். அவரைப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். ஆனால் போய் இறங்கிய இரண்டாம் நாளே வேறொரு பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

என் மருமகளுக்குப் பன்னிரண்டு வயது. நல்ல பெறுபேறு எடுத்தால் வளர்ப்புப் பிராணி ஒன்று வாங்கித் தருவதாகத் தகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். நாய்க்குட்டி கேட்பாள், அல்லது பூனைக்குட்டி கேட்பாள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அவள் கேட்டதோ பல்லி!

"மாமா, நீங்கள் பேப்பரிலை வேலை செய்யிற ஆள்தானே. எந்தக் கலர்ப் பல்லி நல்லது எண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். தன் கையடக்கக் கணினியில் சேர்த்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் அசந்து போனேன். மயிலின் கழுத்தைப் போன்ற நீலம், வாழைக் குருத்தைப் போன்ற பச்சை, எலுமிச்சம்பழ மஞ்சள், உடல் ஊதாவும் கால்கள் செம்மஞ்சளுமாக ஒன்று. இவையெல்லாம் பல்லிகளா என்று கேட்கத் தோன்றியது.

தங்கைக்குத் துளியும் விருப்பமில்லை. "அண்ணா, ஊரிலை தும்புத்தடியாலை அடிச்சுக் கலைச்சதை இஞ்சை டொலர் குடுத்து வாங்கிறதோ? நீங்கள் எண்டாலும் அவளுக்குச் சொல்லுங்கோ" என்றாள். சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மா கேட்டது வேறு கேள்வி. "தம்பி, அது சொல்லுமோ?"

பல்லி 'சொல்லும்' என்பது நம்மவர்களுக்கு விளக்க வேண்டிய விடயம் அல்ல. பல்லியின் குரலை நிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே வருகிறது. நம் பஞ்சாங்கங்களில் பல்லி சொல்லும் திசைக்கும் அது உடலில் விழும் இடத்துக்கும் பலன்கள் அச்சிடப்பட்டிருக்கும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குவதற்கென்றே பக்தர்கள் வரிசையில் நிற்பார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி தானே போய்க் கழுநீர்ப் பானைக்குள் விழுந்ததாம் என்று எள்ளி நகைத்தவர்களும் நாம்தான். எங்கள் வீட்டில் பல்லி சொன்னால் அம்மா சுட்டு விரலை மடக்கி நிலத்தில் மூன்று முறை தட்டுவார். அந்தப் பழக்கம் இன்றும் அவரிடம் இருக்கிறது. ஆனால் ஸ்காபரோவில் தட்டுவதற்குப் பல்லி இல்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து போன அந்த இரவில், எங்கள் வீட்டுத் தென்மேற்கு மூலையில் பல்லி விடாமல் சொன்னது என்று அம்மா இப்போதும் கூறுவார். நான் அப்போது கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்தேன். பல்லி சொன்னதோ இல்லையோ, ஒலிபெருக்கி சொன்னது. அன்று மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தவர் பிறகு அந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை. ஆகவே அம்மா கேட்ட கேள்வி எனக்குச் சிரிப்பூட்டவில்லை.

நான் கலைப்பட்டதாரி. விலங்கியலை நான் முறையாகப் படித்தவன் அல்லன். ஆயினும் முப்பது ஆண்டுக்கு மேல் செய்திகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் ஒரு வழி தெரியும். யார், எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற கேள்விகளை எந்தப் பொருளிடமும் கேட்கலாம். மருமகளின் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பல்லியிடமும் அவற்றைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

அவளுடைய முதல் தெரிவு நீலப் பல்லி. வாலோடு சேர்த்தும் நம் நடுவிரல் நீளந்தான் இருக்கும். ஆண் பல்லிக்கு மட்டுமே அந்தப் பளிச்சிடும் நீலம். பெண் பழுப்பும் பச்சையுமாக இருக்கும். உலகத்தில் இது இயற்கையாக வாழும் இடம் கிழக்குத் தன்சானியாவில் கிம்போசா என்ற சிறிய காடும் அதன் அயலிலுள்ள ஓரிரு காட்டுத் துண்டுகளும் மாத்திரமே. அங்கும் எல்லா மரத்திலும் இருக்காது. ஒரு வகைத் தாழை மரத்தின் மடல் இடுக்குகளில்தான் குடியிருக்கும். தாழை என்றவுடன் எனக்கு நம்மூர்க் கடற்கரை ஓரத் தாழம்புதர்கள் நினைவுக்கு வந்தன. அந்த மடலுக்குள் கையை விட்டு எதையேனும் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது முள் குத்து வாங்கியவர்களுக்குத் தெரியும். பல்லி பிடிப்பவர்கள் அதற்கு இலகுவான வழி கண்டார்கள். மரத்தையே வெட்டி வீழ்த்தினார்கள்! 2004 தொடக்கம் 2009 வரையான ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே ஒரு குழுவினர் மட்டும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பல்லிகளைப் பிடித்து விற்றதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2016இல் 'சைற்றிஸ்' எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இந்தப் பல்லி சேர்க்கப்பட்டது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு கடத்துவது அத்துடன் தடைசெய்யப்பட்டது.

ஊதாவும் செம்மஞ்சளுமான பல்லியின் கதையும் அதே திசையில்தான் போகிறது. வியட்நாமின் தென்கோடிக்கு அப்பால் ஹொன் காய் என்று ஒரு தீவு. பரப்பளவு ஏறக்குறைய எட்டுச் சதுர கிலோமீற்றர். நம் நயினாதீவைக் கண்ணால் கண்டவர்கள் அளவை ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் தீவின் பாறைகளில் வாழும் இந்தப் பல்லியை விஞ்ஞானிகள் 2010ஆம் ஆண்டில்தான் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அறிமுகம் செய்த கையோடு சேகரிப்பாளர்களின் கண்ணும் விழுந்தது. ஆறே ஆண்டுகளில் அதுவும் சைற்றிஸ் முதலாம் பட்டியலுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு பிராணிக்குப் பெயர் சூட்டுவதே அதற்கு ஆபத்தாக முடியும் காலம் இது.

நிறத்துக்காக மனிதர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் முட்டையிடாமல் குட்டி ஈனும் பச்சைப் பல்லிகள் உண்டு. 2009 டிசம்பரில் கிறைஸ்ட்சேர்ச் விமான நிலையத்தில் ஜேர்மானியர் ஒருவர் பிடிபட்டார். பல்லிகளும் அரணைகளுமாக 44 பிராணிகளை அவர் தம் உள்ளாடைக்குள் பொதி செய்து வைத்திருந்தார். அடுத்த ஆண்டில் சிறை சென்றார். இதை வாசித்துக் காட்டியபோது மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பின் நடுவே பழைய நினைவு ஒன்று உறுத்தியது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தேன். கட்டுநாயக்கவில் வெளிநாட்டவர் ஒருவர் பயணப்பெட்டிக்குள் ஓணான்களையும் பல்லிகளையும் மறைத்துக் கொண்டுபோக முயன்று பிடிபட்டதாகச் செய்தி வந்தது. யுத்த காலம். முதற்பக்கத்தில் மனிதச் சாவுகளுக்கே இடம் போதவில்லை. அந்தச் செய்தியை நான்கு வரிகளாக வெட்டி, உட்பக்கத்தில் விளம்பரத்தின் கீழ் இருந்த வெற்றிடத்தை நிரப்பப் பயன்படுத்தினேன். தலைப்பிலே ஒரு கேலியும் செய்தேன். 'பல்லி சொன்னது பலிக்கவில்லை' என்பது போல ஏதோ. அன்று அலுவலகத்தில் அதைப் பாராட்டினார்கள்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இலங்கைத் தீவில் மட்டுமே வாழும் பகற்பல்லி இனங்கள் முப்பதுக்கும் மேலே இருக்கின்றன. பல இனங்கள் ஒரே ஒரு மலையையோ ஒரே ஒரு குகையையோ நம்பி வாழ்பவை. கிழக்கிலும் தென்கிழக்கிலும் பாறைக் குகைகளில் வாழும் பெரிய பல்லி ஒன்று உண்டு. ஆணின் தொண்டை மஞ்சளாக மின்னும். பாறையில் முட்டைகளைக் கூட்டமாக ஒட்டி வைக்கும். அதன் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்க தங்கப் பல்லி திருமலை திருப்பதி மலைப்பாறைகளில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் உலோகத்தில் தொட்டு வணங்குவதை இயற்கை அயல் மலையில் உயிரோடு வைத்திருக்கிறது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. காட்டுப் பல்லிகளைப் பிடிப்பதும் கடத்துவதும் அதன்படி குற்றம். சட்டம் இருந்தது. செய்தியும் வந்தது. நான்தான் அதை நான்கு வரியாக்கினேன்.

மருமகள் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப காட்டிலை பிடிச்சது வேண்டாம், மாமா. வீட்டிலை குஞ்சு பொரிச்சு வளர்த்ததை வாங்குவம்" என்றாள். நியாயமான பேச்சு. சட்டப்படி வளர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிப் பார்த்தபோது மடகஸ்காரின் பச்சைப் பல்லி முன்னுக்கு வந்தது. உடல் முழுதும் பச்சை, முதுகில் சிவப்புப் புள்ளிகள். பகலில் உலவுவது, பூந்தேனை நக்கிக் குடிப்பது. பல்லியின் தோலில் பச்சை நிறமி கிடையாது என்பது இந்தத் தேடலில் நான் அறிந்த ருசிகரமான செய்தி. தோலின் அடுக்கு ஒன்றில் இருக்கும் நுண்படிகங்கள் ஒளியை நீலமாகத் தெறிக்கச் செய்கின்றன. அதற்கு மேலே மஞ்சள் நிறமிக் கலங்கள் இருக்கின்றன. நீலம் மஞ்சளூடாக வரும்போது நம் கண்ணுக்குப் பச்சை! ஆனால் இந்தப் பல்லியின் தோல் மிக மெல்லியது. இறுகப் பிடித்தால் பிய்ந்துவிடும். அது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டிய பிராணி. கையில் வைத்திருக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அது பொருந்தாது.

நியூ கலிடோனியாவின் முடிசூடிய பல்லியையும் பார்த்தோம். கண்ணுக்கு மேலே இமைமயிர் போல முள்வரிசை. அற்றுப்போய்விட்டது என்று கருதப்பட்டு 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண அறை வெப்பமே போதும். வால் அறுந்தால் மறுபடி முளைக்காது. அதன் நிறங்கள் மருமகளுக்குப் பிடிக்கவில்லை. "மண் கலர்" என்று தள்ளிவிட்டாள்.

கடைசியில் அவள் மனம் போய் நின்றது சிறுத்தைப் பல்லியில். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய வறண்ட நிலங்களுக்கு உரியது. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள். பல தலைமுறைகளாக வீடுகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு வருவதால் காட்டில் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. கையில் ஏறி அமைதியாக இருக்கும். எல்லாம் சரி. ஆனால் அவள் கேட்டது சாதாரணச் சிறுத்தைப் பல்லியை அல்ல. 'லெமன் ஃபுரொஸ்ற்' என்று பெயரிட்டு விற்கப்பட்ட எலுமிச்சம்பழ மஞ்சள் வகை. பனி பூத்தாற்போல வெண்மை படர்ந்த மஞ்சள். உண்மையில் அழகு. படத்தைப் பார்த்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அதே கேள்விகளைக் கேட்டேன். எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஒரு வளர்ப்பாளரிடம் தற்செயலாகத் தோன்றிய மரபணு மாற்றத்திலிருந்து. அதை விரும்பி இனம் பெருக்கினார்கள். ஆரம்பத்தில் பெருந்தொகைக்கு விலைபோனது. கொஞ்சக் காலத்தில் அவற்றின் உடலில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றத் தொடங்கின. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2021இல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். ஒளியைத் தெறிக்கச் செய்யும் தோற்கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால்தான் அந்த அழகு வருகிறது. அந்தப் பெருக்கமே புற்றுக் கட்டியாகவும் மாறுகிறது. இவ்வகைப் பல்லிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் அதிகமானவற்றுக்கு அக்கட்டி வருகிறது. அதாவது நோயும் நிறமும் இரண்டல்ல. நாம் அழகு என்று காசு கொடுப்பது நோயின் முதல் அறிகுறிக்கு!

'எனிக்மா' என்ற இன்னொரு நிறவகை உண்டு. அவற்றில் பல தலையைச் சரித்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமிடும். இரையைக் குறி தவறவிடும். அதுவும் நிறத்தோடு ஒட்டிப் பிறந்த நரம்புக் கோளாறு.

இதை மருமகளுக்கு எப்படிச் சொல்வது? இரண்டு நாட்கள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் அந்த ஆய்வின் விபரங்களை அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் ஆங்கிலத்தில் என்னைவிட வேகமாக வாசிப்பவள். வாசித்து முடித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப வடிவா இருக்கிறது பிழையோ, மாமா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

பதில் சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. "வடிவு பிழை இல்லை, பிள்ளை. காட்டிலை இருக்கிற நீலப் பல்லி தனக்காக நீலமா இருக்குது. இது எங்களுக்காக மஞ்சளா இருக்குது. அந்த வித்தியாசத்தை மட்டும் யோசி" என்றேன். அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தங்கைக்கு மட்டும் பெரும் நிம்மதி. பல்லிப் பேச்சு அத்துடன் முடிந்தது என்று எண்ணினாள்.

முடியவில்லை. ஒரு வாரம் கழித்து மருமகளே ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தாள். பல்கலைக்கழக அனுமதி கிடைத்து வேறு நகரத்துக்குப் போகும் ஒரு மாணவன், தான் ஆறு ஆண்டுகளாக வளர்த்த சிறுத்தைப் பல்லியை யாரேனும் நல்லபடி பார்ப்பவர்களுக்குக் கொடுக்க விரும்புவதாக எழுதியிருந்தான். இந்தப் பிராணி பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. பன்னிரண்டு வயதில் குஞ்சாக வாங்கும் பிள்ளை முப்பது வயதுவரை அதற்குப் பொறுப்பு. கடையில் நிறம் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆகவேதான் இவ்வாறான விளம்பரங்கள் வருகின்றன.

போய்ப் பார்த்தோம். மங்கிய மஞ்சள். சாதாரணப் புள்ளி. போதாக்குறைக்கு எப்போதோ வால் அறுந்து, மறுபடி முளைத்த வால் கிழங்கு போல மொத்தமாக, புள்ளியே இல்லாமல் இருந்தது. மருமகளின் முகத்தில் ஏமாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அந்த மாணவன் கண்ணாடித் தொட்டி, அடியில் வைக்கும் வெப்பத் தகடு, ஈரப்பாசி போட்ட ஒளிவிடம் எல்லாவற்றையும் விளக்கினான். ஒரு பக்கம் முப்பத்திரண்டு பாகை செல்சியஸ் அளவில் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். உயிருள்ள சில்வண்டுகளைக் கல்சியத் தூளில் பிரட்டிக் கொடுக்க வேண்டும். தொட்ட பிறகு கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சல்மொனெல்லாக் கிருமி ஊர்வனவற்றில் இருக்கும் என்பதால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இவை ஏற்றவை அல்ல. எல்லாவற்றையும் சொல்லி முடித்தவன் அதைக் கையில் எடுத்து மருமகளின் கையில் விட்டான். விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதைக் கண்ட பிறகுதான் அவள் "கொண்டு போவம், மாமா" என்றாள்.

முதல் இரண்டு வாரங்கள் அது வெளியே தலைகாட்டவே இல்லை. நான் கொழும்புக்குப் புறப்படும் நாள்வரை அதன் கிழங்கு வாலைத்தான் பார்த்தேன். காசு கொடுத்து வாங்காத ஒன்றுக்கே இத்தனை வேலையா என்று தங்கை முணுமுணுத்தாள்.

கடந்த தைப்பொங்கல் அன்று தொலைபேசியில் பேசினேன். வெளியே கடும் பனி என்றார்கள். பின்னேரங்களில் அம்மா தன் கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாராம். தொட்டியின் வெப்பத்துக்காக என்று தங்கை சொன்னாள். நான் நம்பவில்லை.

"சொல்லுதோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு சொல்லும் சொல்லாது, தம்பி. ஊமை. ஆனால் இது கண்ணை மூடித் திறக்குது. எங்கடை வீட்டுப் பல்லி ஒருநாளும் கண் மூடாதெல்லோ?"

அம்மா சொன்னது சரி. நம் வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. நாக்கினால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு இமை உண்டு. ஆனால் கால்களில் ஒட்டும் தன்மை இல்லை, சுவரில் ஏறாது. இவற்றை நான் நூல் பார்த்து அறிந்துகொள்ள ஒரு மாதம் எடுத்தது. அம்மா கதிரையில் இருந்தபடியே கண்டுபிடித்துவிட்டார்.

"நிறமும் இல்லை, வாலும் வடிவில்லை எண்டு பேத்தி முதலிலை கவலைப்பட்டவள்" என்று அம்மா தொடர்ந்தார். "நான் சொன்னனான், வாலை விட்டிட்டு வந்தாலும் உயிரோடை வந்து சேர்ந்திட்டுதெல்லோ எண்டு."

நான் பதில் சொல்லவில்லை. தொலைபேசியில் மருமகளின் குரல் கேட்டது. சில்வண்டு ஒன்று தொட்டியிலிருந்து தப்பிச் சமையலறைக்குள் போய்விட்டதாம். தங்கை கத்துவதும் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்துவிட்டார்.